'மேலே வா' என்ற கட்டளை: ஆழ்கடல் ரோபோ சோதனைகளை எப்படி வாசிப்பது?

2014 ஏப்ரல் 14. மலேசிய விமானம் எம்எச்370, 239 பேரோடு காணாமல் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. கறுப்புப் பெட்டியின் பேட்டரி தீர்ந்திருக்கும் என்பதால், அதன் ஒலியைக் கேட்டுத் தேடுவதை விட்டுவிட்டுக் கடலடியைப் படம் பிடித்துத் தேடலாம் என்று முடிவெடுத்தார்கள். ஆஸ்திரேலியக் கப்பலான ஓஷன் ஷீல்டிலிருந்து புளூஃபின்-21 என்ற ரோபோ இந்தியப் பெருங்கடலில் இறக்கப்பட்டது. டார்பிடோ வடிவம். கயிறு கிடையாது, உள்ளே ஆள் கிடையாது. இறங்க 2 மணி நேரம், தரைக்குச் சற்று மேலே போய்க்கொண்டே சோனாரால் 16 மணி நேரம் தேடல், ஏற 2 மணி நேரம், பதிவுகளை எடுக்க 4 மணி நேரம். ஆக ஒரு முழு நாள். இதுதான் திட்டம்.

ஆனால் சுமார் ஆறு மணி நேரத்தில் அது மேலே வந்துவிட்டது.

மறுநாள் செய்திகளைப் படித்தபோது, முதல் முயற்சியே சொதப்பிவிட்டது என்ற தொனிதான் எனக்குக் கேட்டது. ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் நாங்களும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். "இவ்வளவு காசு கொட்டி, முதல் நாளே கோளாறா?"

நடந்தது வேறு. அந்த ரோபோவுக்கு வகுத்த ஆழ வரம்பு 4,500 மீட்டர். கையில் இருந்த கடல் வரைபடம் அந்த இடத்தின் ஆழம் 4,200-லிருந்து 4,400 மீட்டர் வரை என்றது. உண்மையில் கடல் அதைவிட ஆழமாக இருந்தது. வரம்பைத் தாண்டியதை உணர்ந்த மென்பொருள், ஏற்கெனவே சொல்லிவைத்தபடி வேலையை நிறுத்திவிட்டு மேலே வந்தது. தப்பு வரைபடத்தில்தான். ரோபோ, யாரையும் கேட்க முடியாத ஆழத்தில், "இதுக்கு மேல வேண்டாம்" என்று தானே முடிவெடுத்து முழுசாகத் திரும்பியிருக்கிறது. சோதனை என்று பார்த்தால் இதைவிட நல்ல முதல் நாள் கிடைக்காது.

அன்றிலிருந்து ஆழ்கடல் ரோபோக்களின் சோதனை பற்றிய செய்திக்குறிப்புகளையும், விசாரணை அறிக்கைகளையும், ஆய்வுக் கட்டுரைகளையும் ஒரு பொழுதுபோக்காகப் படித்து வருகிறேன். நான் கடல் பொறியாளன் இல்லை, சாஃப்ட்வேர்காரன். அந்தக் கண்ணோட்டத்தில் எனக்கு ஒரு புகார் உண்டு. இந்த எழுத்துகளில் பெரும்பாலானவை நமக்குத் தப்பான எண்ணைக் காட்டுகின்றன. "இத்தனை ஆயிரம் மீட்டர் இறங்கியது" என்பது தலைப்பாகிறது. அது எந்தச் சூழ்நிலையில், எப்படி, எந்தக் கட்டளையால் வேலையைக் கைவிட்டது என்பது கடைசிப் பத்தியில் கிடக்கிறது, அல்லது வருவதே இல்லை. என் கணக்கில் அந்தக் கடைசிப் பத்திதான் சோதனை.

லாக் எங்கே இருக்கிறது?

முதலில் இந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். கடல்நீர் ரேடியோ அலைகளை மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே விழுங்கிவிடும். அதனால் ஜிபிஎஸ் இல்லை, வைஃபை இல்லை, எதுவும் இல்லை. மிச்சம் இருப்பது ஒலி. அது தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 4,500 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ரோபோவிடம் "எப்படி இருக்கே?" என்று கேட்டால் கேள்வி போய்ச் சேர 3 நொடி, பதில் வர 3 நொடி. அந்தப் பதிலும் சில எண்கள்தான். வீடியோவெல்லாம் அனுப்ப முடியாது. தான் எங்கே இருக்கிறோம் என்பதை ரோபோ தன் அசைவுகளைக் கூட்டிக் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். தரையில் ஒலியை எதிரொலிக்கவிட்டு வேகத்தை அளந்து அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இருந்தும் பிழை மெல்ல மெல்லச் சேரும். அழுத்தமோ, ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டலம் கூடும். 4,500 மீட்டரில் நம் தலைமேல் இருப்பதைப்போல் சுமார் 450 மடங்கு.

நம் தொழிலில் ஒரு சர்வர் படுத்தால் முதலில் என்ன செய்வோம்? லாக் பார்ப்போம். இங்கே லாக் ரோபோவின் வயிற்றுக்குள் இருக்கிறது. ரோபோ திரும்பினால்தான் லாக் திரும்பும். சின்னக் கோளாறு என்றால் கட்டுக்கட்டாகச் சான்று கிடைக்கும். பெரிய கோளாறு என்றால் ஒன்றுமே கிடைக்காது. எதைப் பற்றி மிகவும் தெரிந்துகொள்ள வேண்டுமோ, அதைப் பற்றித்தான் மிகக் குறைவாகத் தெரியும். ஆழ்கடல் சோதனையின் அடிப்படைச் சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். அழுத்தம்கூட இதற்கு அடுத்துத்தான்.

தொட்டியில் தேறுவதும் கடலில் தேறுவதும்

அழுத்தத்தைச் சோதிக்கக் கரையிலேயே வழி இருக்கிறது. கனத்த எஃகு அறைக்குள் பாகத்தை வைத்து, தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றுவார்கள். கேமரா உறை, கண்ணாடி உருண்டை, கேபிள் இணைப்பு எல்லாம் இப்படித் தேறித்தான் கடலுக்குப் போகின்றன. நம் மொழியில் சொன்னால் இது யூனிட் டெஸ்ட். ஒவ்வொரு பாகமும் தனியாகத் தேறும். எல்லாம் சேர்ந்து, நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கிய பிறகு எப்படி இருக்கும் என்பதை அது சொல்லாது.

அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் ஏபிஈ என்று ஒரு ரோபோ இருந்தது. 1990-களில் வேலையைத் தொடங்கியது. ஆழ்கடல் ஆய்வில் கயிறில்லாத ரோபோவை நம்பலாம் என்று விஞ்ஞானிகளுக்குக் காட்டிய முன்னோடிகளில் ஒன்று. 2010 மார்ச் 5 அன்று சிலி நாட்டுக் கடலில் இறங்கியது திரும்பவில்லை. அது அதன் 222-ஆவது முக்குளிப்பு. மிதப்பதற்காக வைத்திருந்த கண்ணாடி உருண்டைகளில் ஒன்று நொறுங்கி, அந்த அதிர்ச்சியில் மற்றவையும் நொறுங்கியிருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம்.

ஒன்று உடைந்தால் எல்லாம் உடையுமா? உடையும். கடலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஜப்பானில் மலைக்கு அடியில் நியூட்ரினோவைப் பிடிக்கக் கட்டிய சூப்பர்-கமியோகாண்டே தொட்டி. 2001 நவம்பரில் தண்ணீருக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் நொறுங்கியது. அந்த அதிர்ச்சி அலை பக்கத்துக் குழாயை நொறுக்க, அது அடுத்ததை நொறுக்க, 6,600-க்கும் மேற்பட்ட குழாய்கள் போய்விட்டன. அந்தத் தொட்டியின் உயரமே 41 மீட்டர்தான். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்த 222 என்ற எண்ணுக்கு வருவோம். 221 முறை பத்திரமாகத் திரும்பியது என்றால் எவ்வளவு நம்பலாம்? புள்ளியியலில் ஒரு எளிய விதி இருக்கிறது. ஒரு விஷயம் தொடர்ந்து n முறை கெடாமல் நடந்திருந்தால், அடுத்த முறை கெடும் வாய்ப்பு 3/n-க்குள் இருக்கும் என்று சுமார் 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 3-ஐ 221-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4 சதவீதம். பதினைந்து வருட உழைப்புக்குப் பிறகும் "நூற்றில் ஒன்றரைக்குள்" என்பதற்கு மேல் அந்த எண்ணிக்கையால் உறுதி தர முடியவில்லை. அதுவும் ஒவ்வொரு முக்குளிப்பும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொண்டால்தான். கண்ணாடிக்கோ வயசாகும்.

நெரியஸ் கதை இன்னும் தெரிந்தது. அதே உட்ஸ் ஹோல் செய்தது. மயிரிழை போன்ற ஒளியிழை நூலைப் பிடித்துக்கொண்டும் இறங்கும், நூலே இல்லாமல் தானாகவும் ஓடும் கலப்பு ரோபோ. 2009 மே 31-இல் பசிபிக்கின் சேலஞ்சர் பள்ளத்தில் 10,902 மீட்டர் தொட்டது. உலகம் கைதட்டியது. 2014 மே 10-இல் நியூசிலாந்துக்கு வடகிழக்கே கெர்மடெக் அகழியில் சுமார் 9,900 மீட்டர் ஆழத்தில் தொலைந்தது. மிதந்து வந்த துண்டுகளை வைத்து, உள்நோக்கி நொறுங்கியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். அதில் மிதப்புக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெற்றுப் பீங்கான் உருண்டைகள் இருந்தன.

கவனியுங்கள். தொலைந்த ஆழம், அது ஏற்கெனவே தொட்ட ஆழத்தைவிட 1,000 மீட்டர் குறைவு. "10,902 மீட்டர் சோதித்தாயிற்று" என்ற வாக்கியம் ஐந்து வருடம் கழித்து 9,900 மீட்டரில் அதைக் காப்பாற்றவில்லை. ஆழச் சாதனை என்பது ஒரு நாளின் செய்தி. அந்த நாளில் அந்த எந்திரம் அங்கே பிழைத்தது, அவ்வளவுதான். நான் ஆழத்தைக் குறை சொல்லவில்லை, போவதே அதற்காகத்தானே. ஆனால் அதைச் சோதனை முடிவாக எழுதும்போது ஒரு தடவை ஓடிய புரோகிராமை "டெஸ்ட் பண்ணியாச்சு" என்று சொல்லும் ஜூனியர் பையன் ஞாபகம் வருகிறான். (அந்தப் பையன் நானாகவும் இருந்திருக்கிறேன்.)

மேலே வரக் கூடாத இடம்

இனி, என் புகாருக்கு அடிப்படையான கதை. இது மிக ஆழமான இடத்தில் நடந்ததல்ல. தலைக்கு மேலே பனி மூடிய இடத்தில் நடந்தது.

பிரிட்டனின் சவுதாம்ப்டனில் ஆட்டோசப் என்று ஒரு ரோபோ வரிசையை உருவாக்கினார்கள். சுமார் ஏழு மீட்டர் நீளம். அதை ஓட்டியது என்ன தெரியுமா? பெரிய டார்ச் லைட்டில் போடுவோமே, அதே அளவு சாதாரண ஆல்கலைன் பேட்டரிகள். சுமார் 5,000. இந்த ஒரு தகவலுக்காகவே எனக்கு அந்தக் குழுவைப் பிடிக்கும். இந்த வரிசையில் ஆட்டோசப்2-ஐ அண்டார்டிகாவின் ஃபிம்புல் பனியடுக்குக்குக் கீழே அனுப்பினார்கள். கரையிலிருந்து கடல்மேல் நீண்டு மிதக்கும், நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள பனிப்பலகை அது. கீழே கடல் அதை எப்படிக் கரைக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்க முடியாது. ரோபோதான் போக வேண்டும். 2005 பிப்ரவரியில் ஒரு பயணம் போய் வெற்றிகரமாகத் தரவோடு திரும்பியது. அடுத்த பயணத்தில் பனிக்கு அடியிலேயே நின்றுவிட்டது. இன்னும் அங்கேயேதான்.

அதைப் பற்றிய விசாரணை அறிக்கையை ஜான் ஸ்ட்ரட் எழுதி, 2006-இல் சவுதாம்ப்டன் தேசியக் கடலியல் மையம் வெளியிட்டது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் நேர்மையான எழுத்து என்று இதைத்தான் சொல்வேன். காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. பிறகு வாய்ப்புள்ள வழிகளை எடுத்து அலசுகிறது. அவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, மின்சாரம் போயிருக்கலாம். இரண்டாவது, உள்ளே இருக்கும் நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு ஏற்பட்டு, அதனால் அபார்ட் கட்டளை கிளம்பியிருக்கலாம்.

அந்த இரண்டாவது வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திறந்த கடலில் ஓடும் ரோபோவுக்கு அபார்ட் என்றால் என்ன? எடையைக் கீழே போடு, மிதந்து மேலே வா, கப்பல் வந்து எடுத்துக்கொள்ளும். உள்ளே பாகங்கள் ஒன்றோடொன்று பேசுவது நின்றுபோனால், "எனக்கு என்னவோ ஆயிடுச்சு" என்று முடிவுகட்டி மேலே வருவது புத்திசாலித்தனம். புளூஃபின்-21 செய்ததும் அதே மாதிரிதான்: சந்தேகம் வந்தால் மேலே போ. எந்தப் பொறியாளரும் இதைப் 'பாதுகாப்பான இயல்புநிலை' என்பார்.

பனிக்கு அடியில் மேலே வந்தால் என்ன ஆகும்? நூற்றுக்கணக்கான மீட்டர் பனியின் அடிவயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். எடை போய்விட்டது, இனி இறங்கவும் முடியாது. கப்பல் பனி விளிம்புக்கு வெளியே, பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும். உயிர் காக்க எழுதிய வரியே உயிரை எடுக்கும். இந்த வழிதான் நடந்தது என்று அறிக்கை சொல்லவில்லை, நடந்திருக்கலாம் என்கிறது. ஆனால் நடந்திருக்கலாம் என்பதே போதும். அந்தக் கட்டளை கோட் அளவில் பிழையானது இல்லை. திறந்த கடலில் ஆயிரம் முறை சோதித்தாலும் தேறும். அது எந்த இடத்தில் ஓடுகிறது என்பதுதான் அதைச் சரியாகவோ தப்பாகவோ ஆக்குகிறது.

அறிக்கையில் என்னை உறுத்திய இன்னொரு விஷயம்: மூலகாரணத்தை ஏதோ அண்டார்டிகாவின் அபூர்வச் சூழலில் தேடாமல், தயாரிக்கும்போதும் பொருத்தும்போதும் நுழையக்கூடிய பழுதுகளை நோக்கி அது கை காட்டுகிறது. கனெக்டர், கேபிள், பொருத்தும் முறை. அதாவது, கப்பல் ஏறுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்ட சங்கதிகள். இதை ஒரு பொது ஆவணத்தில் எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

பத்துப் பேரும் ஒரு பட்டியலும்

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த பகுதி. அடுத்து வந்த ஆட்டோசப்3-ஐ மறுபடியும் பனிக்கு அடியில் அனுப்ப வேண்டும். "நல்லா டெஸ்ட் பண்ணிட்டோம், நம்புங்க" என்று சொன்னால் இனி யாரும் கேட்க மாட்டார்கள். க்வின் கிரிஃபித்ஸ், மரியோ பிரிட்டோ ஆகியோர் வேறு வழியில் போனார்கள். ரோபோவின் பயணங்களில் வந்த கோளாறுகளை, சின்னது பெரியது பார்க்காமல், அறுபதுக்கும் மேற்பட்டவற்றைப் பட்டியலாக எடுத்தார்கள். பத்து நிபுணர்களிடம் கொடுத்தார்கள். கேள்வி இதுதான்: இந்தக் கோளாறு மறுபடி வந்தால் ரோபோ தொலைந்துபோக எவ்வளவு வாய்ப்பு? அதை ஒரு தடவை இல்லை, நான்கு தடவை கேட்டார்கள். திறந்த கடலில், கரையோரக் கடலில், கடற்பனிக்கு அடியில், பனியடுக்குக்கு அடியில். பீட்டர் சாலனரும் சேர்ந்து எழுதிய அந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது.

நான் மேலே சுற்றிவளைத்துச் சொன்னதை அந்த நான்கு கட்டங்கள் ஒரே அட்டவணையில் சொல்லிவிடுகின்றன. கோளாறு ஒன்றுதான். இடம் மாறினால் அதன் விலை மாறும். நம் பக் டிராக்கர்களில் "தீவிரம்: நடுத்தரம்" என்று ஒரே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறோமே, அது எவ்வளவு அரைகுறை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த முறையில் எனக்குக் குறையும் தெரிகிறது. அந்த எண்களெல்லாம் கடைசியில் மனிதர்களின் மதிப்பீடுதான். நிபுணர்களே நம்பிக்கைவாதிகள், அவநம்பிக்கைவாதிகள் என்று இரண்டாகப் பிரிந்தார்கள் என்பதை அந்த ஆய்வே சொல்கிறது. ஒரே கனெக்டர் கசிவைப் பார்த்து ஒருவர் "ஒண்ணும் ஆகாது" என்றால் இன்னொருவர் "அவ்வளவுதான்" என்பார். அதைச் சராசரி எடுத்துப் புள்ளி வைத்து எழுதினால் அளந்த எண் மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடும். பட்டியலில் இருப்பதும் நடந்த கோளாறுகள் மட்டும். இன்னும் நடக்காத கோளாறுக்கு அதில் வரி இல்லை. ஏபிஈ-யின் கண்ணாடி உருண்டை 221 முறை எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது அல்லவா?

இருந்தாலும் இந்த முறையின் பக்கம்தான் நான் நிற்பேன். ஏன் என்றால், அது கருத்து வேறுபாட்டை மறைக்கவில்லை. பிறகு ஒரு முக்கியமான வேலையும் செய்தது: எவ்வளவு அபாயத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கும் பொறுப்பை, எந்திரத்தைச் செய்தவர்களின் கையிலிருந்து எடுத்து, எந்திரத்தின் உடைமைக்குப் பொறுப்பானவரிடம் கொடுத்தது. செய்தவர் அபாயத்தைக் கணக்கிட்டுச் சொல்வார். பொறுப்பானவர் "சரி, போகட்டும்" என்றோ "வேண்டாம்" என்றோ கையெழுத்துப் போடுவார். புளூஃபின் விஷயத்திலும் பின்னாளில் இதேதான் நடந்தது. அபாயம் சிறியது, ஏற்கத்தக்கது என்று மதிப்பிட்ட பிறகு 4,500 மீட்டரைத் தாண்டிப் போக அனுமதித்தார்கள். வரம்பு அதே எண்தான். அதைத் தெரியாமல் தாண்டுவதும் தெரிந்து தாண்டுவதும் ஒன்றில்லை.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு நடைமுறையும் பிறந்தது. கோளாறுகள் பயணத்தின் தொடக்கத்திலேயே அதிகம் தலைகாட்டும். அதனால் ரோபோவை இறக்கியதும் நேரே பனிக்கடியில் அனுப்பாமல், கப்பலின் காதுக்கு எட்டும் தூரத்தில் கொஞ்ச தூரம் ஓடவிட்டுப் பார்ப்பது. அங்கே கெட்டால் கெடட்டும், எடுத்துக்கொள்ளலாம். தேறினால் மட்டும் உள்ளே. புது மாட்டை வண்டியில் பூட்டி முதலில் ஊருக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்களே, அதே புத்தி.

2009 ஜனவரியில் ஆட்டோசப்3 மேற்கு அண்டார்டிகாவின் பைன் தீவுப் பனியாற்றுக்கு அடியில் போனது. ஆறு பயணங்கள், மொத்தம் 510 கிலோமீட்டர். ஆறு முறையும் திரும்பியது. ஒரு பயணத்தில் பனியின் அடிப்பக்கப் பிளவு ஒன்றில் மாட்டிக்கொண்டு முட்டி மோதி, அடிபட்டுத்தான் வந்தது, ஆனால் வந்தது. பனியாற்றுக்கு அடியில் கடல்தரையில் ஒரு பெரிய மேடு இருப்பதையும், ஒரு காலத்தில் பனி அதன்மேல் தரைதட்டி நின்றிருக்க வேண்டும் என்பதையும், இப்போது வெப்பமான நீர் அதைத் தாண்டி உள்ளே புகுவதையும் உலகம் அந்தப் பயணங்களால்தான் தெரிந்துகொண்டது. கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்று கணக்கிடுபவர்கள் கவலையோடு பார்க்கும் பனியாறுகளில் அதுவும் ஒன்று. அதற்குக் கீழே போய் வந்த எந்திரத்துக்குப் பின்னால், தொலைந்துபோன ஓர் எந்திரமும், அதைப் பற்றி மறைக்காமல் எழுதிய ஓர் அறிக்கையும் இருக்கின்றன.

எனக்கு ஏன் இது வலிக்கிறது

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதுக்குத் தரவை மாற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் சேவையில் ஒரு காவல் ஏற்பாடு இருந்தது: குறிப்பிட்ட நேரம் துடிப்பு வரவில்லை என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பு. நான்தான் எழுதியது. சாதாரண நாட்களில் பலமுறை எங்களைக் காப்பாற்றியது. அன்றைக்கு ராத்திரி நெட்வொர்க் சில நொடிகள் விக்கியது. காவல்காரன் கடமையைச் செய்தான். பாதி தரவு புதுசில், பாதி பழசில். சரிசெய்ய நான்கு நாள் ஆனது.

அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில் நாங்கள் எழுதிய அறிக்கையில் "தற்காலிக நெட்வொர்க் பிரச்சினை" என்று ஒரு வரி இருந்தது. அதையும் நான்தான் எழுதினேன். பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. என்னுடைய பாதுகாப்பு ஏற்பாடு எந்த இடத்தில் ஆபத்தாக மாறும் என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை என்பதுதான் உண்மை. ஸ்ட்ரட் அறிக்கையைப் படித்தபோது அந்த வரி ஞாபகம் வந்து கூசியது.

அதனால்தான் ஆழ்கடல் சோதனை பற்றிய செய்திக்குறிப்புகளை இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஓஎம்இ-6000 என்ற தானியங்கி ரோபோவை சாகர் நிதி கப்பலிலிருந்து இறக்கி, மத்திய இந்தியப் பெருங்கடலில் உலோக முடிச்சுகள் கிடக்கும் தரையை 5,271 மீட்டர் ஆழத்தில் ஆய்ந்ததாக 2022-இல் அறிவிப்பு வந்தது. வேளச்சேரி பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கும் பெருமைதான். அந்த எண்ணோடு கூடவே இன்னும் மூன்று வரி வந்தால் பெருமை இரட்டிப்பாகும். எத்தனை முறை இறக்கினோம்? எத்தனை முறை பாதியில் திரும்பியது, ஏன்? அடுத்த முறைக்கு எதை மாற்றினோம்? இது ஒரு நிறுவனத்தைப் பற்றிய புகார் இல்லை. உலகம் முழுக்க இந்தச் செய்திக்குறிப்புகள் ஒரே அச்சில் வார்த்தவைதான்.

கோளாறுப் பட்டியலை வெளியே வைத்தால் நிதி கொடுப்பவர்கள் பயப்படுவார்கள் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. கம்பெனிகளும் கடற்படைகளும் அதைத் திறந்து காட்டப் போவதில்லை என்பதும் தெரிகிறது. ஆனால் இந்த ரோபோக்களை நம்பி நாளைக்குக் கடலடியில் கேபிள் பார்ப்பார்கள், கனிமம் தேடுவார்கள், இன்னொரு விமானம் விழுந்தால் அதையும் தேடுவார்கள். ஒவ்வொரு குழுவும் அதே கனெக்டரையும் அதே அபார்ட் கட்டளையையும் தனித்தனியாகத் தொலைத்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், அந்தக் கற்றலுக்கு விலை ரொம்ப அதிகம்.

அடுத்த தடவை "ஆழ்கடல் ரோபோ சோதனை வெற்றி" என்று செய்தி வந்தால் ஆழத்தைப் படித்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அது எப்போது, எதைப் பார்த்து, மேலே வர முடிவெடுத்தது என்று தேடிப் பாருங்கள். அந்த இடத்தில் மேலே வருவது சரியா என்றும் கேளுங்கள். பதில் அந்தச் செய்தியில் இல்லை என்றால், சோதனை நடந்திருக்கலாம்; அதைப் பற்றி நமக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.